பதினாலாம் வளைவில் நின்ற புள்ளி

பீப் வரவில்லை. பதினைந்தாம் வளைவைத் திரும்பி இரண்டாம் கியரில் ஆல்டோவை ஏற்றிக்கொண்டு, ஒரு காதை எஞ்சினுக்கும் ஒரு காதை ரேடியோவுக்கும் கொடுத்துக்கொண்டு வருகிறேன், வரவில்லை. வராது என்று தெரியும், தெரிந்துதானே நாமக்கல்லிலிருந்து கிளம்பினேன், ஆனாலும் காது அதையே தேடிக்கொண்டிருக்கிறது. காதுக்கும் யாராவது ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்க வேண்டும். டேஷ்போர்டில் டேப் போட்டு ஒட்டிய அந்தக் கறுப்பு டப்பா தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. வானத்துச் செயற்கைக்கோள்களைக் கேட்டு நான் எங்கே இருக்கிறேன் என்று கணக்குப் போடுகிறது, என் அழைப்புக்குறியையும் இடத்தையும் ஒரு சின்னப் பொட்டலமாகக் கட்டி, இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் ‘கிர்ர்’ என்று ரேடியோ அலையில் வீசுகிறது. வீசினால் போதுமா, பிடிக்க ஆள் வேண்டாமா? சமவெளியில் வரும்வரை என் வீட்டு மொட்டைமாடி ஆன்டெனா பிடித்தது. பிடித்ததும் அதை ஒரு தரம் திருப்பிச் சொல்லும், அது என் காதுக்கு வந்தால் ‘பீப்’ என்று ஒரு சத்தம். பிடித்த இடத்தை இணையத்து வரைபடத்திலும் ஏற்றிவிடும். அந்த வரைபடத்தில் நான் ஒரு புள்ளி. நெதர்லாந்தில் பல் தேய்த்துக்கொண்டே என் மகன் பார்க்கிற புள்ளி. மலை ஏற ஆரம்பித்து, பதினாலாம் வளைவு தாண்டினால் மலையின் தோள் குறுக்கே வந்து வீட்டு ஆன்டெனாவை மறைத்துவிடும். அதற்கு மேல் என்னைக் கேட்க மலை உச்சியில் எங்கள் ஹாம் ரேடியோ சங்கம் வைத்த கேட்வே, அலையைப் பிடித்து இணையத்தில் ஏற்றிவிடும் நிலையம், ஒன்றுதான். முந்தாநாள் சாயங்காலம் இடி இடித்தது, அன்றைக்கு ராத்திரியிலிருந்து அதற்கு மூச்சு பேச்சு இல்லை. ஆகவே இந்த நிமிஷம் நான் பதினாறாம் வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறேன், உலகத்துக்கு நான் பதினாலாம் வளைவில் அசையாமல் நிற்கிறேன். நிற்கட்டும்.

நிற்கட்டும் என்று சொல்வது சுலபம். நின்றால் என்ன ஆகும் என்பதுதான் விஷயம். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் சந்தையிலிருந்து வரும்போது தலை ஒரு சுற்று சுற்றியது, பால் பூத் சுவரில் வண்டியை உரசிவிட்டேன். சுவருக்கு ஒன்றும் இல்லை, எனக்கும் ஒன்றும் இல்லை, கண்ணாடி ஒன்று போனது. அதற்கு மகன் கோகுல்நாத் விமானம் ஏறி வந்துவிட்டான். பிரஷர் மாத்திரை, ஸ்கேன், கண் டாக்டர், காது டாக்டர். டாக்டர்களே ஓட்டலாம் என்று சொன்ன பிறகும், வண்டியை விற்றுவிடலாம் என்றான். கோயம்புத்தூரில் வயசானவர்களுக்கென்று கட்டிய அடுக்குமாடியின் படம் காட்டினான். புல்தரை, ஊஞ்சல், மணியடித்தால் நர்ஸ். ஆன்டெனா வைக்கலாமா என்று கேட்டேன், பால்கனியில் துணிகூடக் காயப்போடக் கூடாதாம். முடியாது என்றேன். அப்போதுதான் இந்த டப்பாவை வாங்கி வந்து ஒட்டினான். அவனும் லைசென்ஸ் வாங்கி அலையில் பேசுகிற ஹாம்தானே, எல்லாம் தெரியும். “புள்ளி ஓடற வரைக்கும் வண்டி உங்களுதுங்மா. புள்ளி தெரியற எடத்துக்கு மட்டும் போங்க. நின்னுச்சுன்னா சந்துரு வந்து சாவிய வாங்கிக்குவான்.” சந்துரு என் அண்ணன் மகன். அவன் பெண்டாட்டி கார் ஓட்டப் பழக ஒரு பழைய வண்டி தேடிக்கொண்டிருக்கிறாள், அதனால் என் புள்ளி மேல் அவனுக்கும் அக்கறை. ஒரு தடவை நின்றும் விட்டது. மோகனூர் போகும் வழியில் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுப் புளியமர நிழலில் வண்டிக்குள்ளேயே கண்ணசந்தேன், கண் விழித்தால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு சந்துரு, பின்னால் பைக்கில் இன்னும் இரண்டு பேர். தூங்குவதற்குக்கூட அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. “இதுதாங்மா மொதலும் கடைசியும்” என்றான் மகன், போனில். இன்றைக்கு இரண்டாவது. வண்டி போனால் பண்ணை வீட்டில் நான் தனியாக இருக்க முடியாது, பண்ணையிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கே அரை மணி நேரம் நடக்க வேண்டும். வண்டி போனால் ஊஞ்சல்தான்.

இருபதா, இருபத்தொன்றா? பலகையைக் குரங்கு மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வளைவு எண்ணிக்கை தெரியாமல் போனால் இந்த மலையில் ஒன்றும் கெட்டுப்போகாது, எழுபது முடிந்தால் உச்சி. காலையில் மதலைமுத்து போன் பண்ணினார். சங்கச் செயலாளர், நல்ல மனுஷன், பேட்டரி கடை வைத்திருக்கிறார், யாரையும் புண்படுத்தத் தெரியாமலே புண்படுத்துகிறவர். கேட்வேயைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகிறோம் என்றார். நான் இன்றைக்கே போய்ப் பார்க்கிறேன், ரூம் சாவி மேலே பக்கத்து வீட்டு வெள்ளச்சியிடம்தானே இருக்கிறது என்றேன். “ஏனுங்க்கா, உங்களுக்கு எதுக்குங்க அந்த செரமம், பசங்க நாலு பேரு போயிட்டு வந்துருவாங்க. நீங்க வீட்லயே உக்காந்து டெஸ்ட் சிக்னல் குடுங்க, போதும்.” அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எரிச்சல். தப்பு இருந்தால் சண்டை போடலாம். கேட்வே இருக்கிற அந்த மேட்டு ரூமுக்கு முதல் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போனது யார்? மதலைமுத்து வீட்டு மாடியிலிருந்து அங்கே இணையம் கொண்டுபோகச் சின்ன டிஷ்ஷைத் திருப்பித் திருப்பி வைத்து, வெயிலில் மூக்குத் தோல் உரிந்து நின்றது யார்? அப்போதெல்லாம் யாரும் செரமம் என்று சொல்லவில்லை, ஆள் கிடைத்தால் போதும் என்றிருந்தார்கள். போனை வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன், புடவையை மாற்றினேன், கடலை மிட்டாய் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பையில் போட்டேன், டூல்ஸ் பெட்டியைப் பின்சீட்டில் வைத்தேன். முடிவெடுத்த மாதிரியே தெரியவில்லை. கை தானாக எல்லாம் செய்தது. அடிவாரத்தில் காரவள்ளி டீக்கடைக்கு முன்னால் நின்று போனைப் பார்த்தேன், கடைசிச் சிக்னல் அங்கேதான், கோகுலுக்கு ஒரு வார்த்தை அனுப்பிவிட்டு ஏறலாம் என்று. அனுப்பினால் போகாதீங்க என்பான். போகாதே என்று சொன்ன பிறகு போனால் அது வம்பு, சொல்லாமல் போனால் வெறும் பயணம். ஏறிவிட்டேன்.

‘கிர்ர்.’ டப்பா வீசுகிறது. காத்திருக்கிறேன். ஒன்றும் இல்லை. மைக்கை எடுத்து, பழக்க தோஷம், “டேங்கோ ஜூலியட், மொபைல், மலை ஏறிட்டிருக்கேன், யாராச்சும் இருக்கீங்களா” என்று கேட்கிறேன். டேங்கோ ஜூலியட் என்பது என் அழைப்புக்குறியின் கடைசி இரண்டு எழுத்து, டி, ஜே, அலையில் எனக்கு அதுதான் பேர். யாரும் இல்லை, வெறும் இரைச்சல். ஆளில்லாத வானத்தைப் பார்த்து ‘யாராச்சும் இருக்கீங்களா’ என்று கேட்க ஹாம்களுக்கு வெட்கமே கிடையாது, எங்கள் பொழுதுபோக்கே அதுதான். சேலத்தில் பரீட்சை எழுதப் போனபோது ஹால் முழுக்க ஆம்பிளைகள். வாசலில் இருந்தவர் என்னைப் பார்த்து, “வீட்டுக்காரர் உள்ள போயிட்டாருங்களா, நீங்க அந்த பெஞ்சுல உக்காருங்க” என்றார். வீட்டுக்காரர் பண்ணையில் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார், பாவம், கடைசிவரைக்கும் அவருக்கு இந்தக் குறுகுறு சத்தம் பிடிக்கவே இல்லை, ஆனால் போகாதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அவர் இருந்தால் இன்றைக்கும் சொல்லியிருக்க மாட்டார். நான் அந்த பெஞ்சில் உட்காரவில்லை. மோர்ஸ் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு எழுதி, முதல் தடவையே தேறினேன். அலைக்கு வந்த பிறகுதான் புரிந்தது, அங்கே அக்கா கிடையாது, அம்மா கிடையாது, மேடம் கிடையாது, நாமக்கல் கோழிப்பண்ணைக்காரி கிடையாது. குறி ஒன்றுதான். பெரிய பதவியில் இருப்பவனும் என் குறியைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட வேண்டும், தன் குறியைச் சொல்லித்தான் பேச்சை முடிக்க வேண்டும். கோகுல் பதினாலு வயசில் லைசென்ஸ் வாங்கியதும் பள்ளிக்கூட மைதானத்திலிருந்து கைரேடியோவில் “அம்மா, அம்மா” என்றான். நான் பதில் சொல்லவில்லை. மறுபடி அம்மா என்றான். சொல்லவில்லை. கடைசியில் அழுகிற குரலில் “டேங்கோ ஜூலியட்” என்று குறி சொல்லிக் கூப்பிட்டான், உடனே “சொல்லு, கேக்குது” என்றேன். வீட்டுக்கு வந்து ராத்திரி சாப்பிடமாட்டேன் என்று கோபித்துக்கொண்டான். ரொம்பக் கண்டிப்பு காட்டிவிட்டேனோ என்னவோ. ஆனால் அதற்குப் பிறகு அவன் தவறியதே இல்லை.

முன்னால் அரசு பஸ் இறங்கி வருகிறது. வளைவில் மேலேறும் வண்டிக்குத்தான் வழி விட வேண்டும், பஸ்ஸுக்கு அது தெரியாது, அல்லது தெரிந்தும் ஆல்டோவை வண்டியாகச் சேர்க்கவில்லை. ஒதுங்கினேன். இடது சக்கரம் மண்ணில் இறங்கியது, அந்தப் பக்கம் கைப்பிடிச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் பச்சை, பச்சைக்குக் கீழே ஒன்றும் இல்லை. டிரைவர் என்னைப் பார்த்தார், பக்கத்து சீட்டைப் பார்த்தார், பின்சீட்டைப் பார்த்தார். வேறு யாரும் இல்லை என்பதை நம்ப அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஆட்டு ராசா, ஆட்டு. மறுபடி முதல் கியர், கிளட்ச் கருகும் வாசனை, வண்டி முனகிக்கொண்டு ரோட்டில் ஏறியது. நெஞ்சு அடித்துக்கொள்வது காதில் கேட்கிறது. வலது காதில் மெல்ல ஒரு ரீங்காரம். இது ரேடியோ இரைச்சலா, காதா? ரேடியோவைக் குறைத்துப் பார்த்தேன். காதுதான். அன்றைக்கு பால் பூத் சுவருக்கு முன்னாலும் முதலில் இந்தச் சத்தம்தான் வந்தது. இல்லை, அன்றைக்கு சாப்பிடாமல் போயிருந்தேன். இன்றைக்கு இரண்டு தோசை. இல்லை, ஒன்றரை. அரைத் தோசைக்காகவா தலை சுற்றும்? சுற்றவில்லை, ரீங்காரம் மட்டும்தான். அடுத்த வளைவு வந்து, திருப்பி, பாதித் திருப்பத்தில் ரோடு ஒரு பக்கமாகச் சரிந்து என்னை விட்டுப் போவது போல இருந்தது. பிரேக். பள்ளத்தாக்கைப் பார்க்கவென்று கட்டிவிட்ட மேடை ஒன்று இருந்தது, எப்படியோ அதில் கொண்டுபோய் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டேன்.

பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லப் போவதில்லை, எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம், பயமாகத்தான் இருக்கிறது. கோகுல் சொல்வது சரியாக இருந்துவிடுமோ என்கிற பயம். சாவதைவிட அது மோசம். இந்தச் சுவரைத் தாண்டி உருண்டால் அவன் சொன்னது சரி என்று ஆகிவிடும், சங்கம் முழுக்க உச்சுக் கொட்டும், சந்துரு மட்டும் நசுங்கின வண்டியைப் பார்த்து வேறு காரணத்துக்காக வருத்தப்படுவான். ‘கிர்ர்’ என்றது டப்பா. நான் நின்றாலும் அது வீசிக்கொண்டே இருக்கிறது, பதில் இல்லாவிட்டாலும் வீசுகிறது, தலையும் சுற்றுவதில்லை. இந்நேரம் அவன் எழுந்திருப்பான். வரைபடத்தைத் திறந்திருப்பான். பதினாலாம் வளைவில் புள்ளி, கீழே ‘கடைசியாகக் கேட்டது’ என்று ஒரு நேரம், அந்த நேரம் பழசாகிக்கொண்டே போவது. காப்பி ஆறிப்போயிருக்கும். போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்பாள் அந்தப் பெண். பிறகு மதலைமுத்து, பிறகு சந்துரு. அவன் முகம் எனக்குத் தெரியும், பயந்தால் மேலுதட்டைக் கடிப்பான், ஐந்து வயசிலும் அப்படித்தான், நாற்பதிலும் அப்படித்தான். பெற்ற வயிறு, இழுக்கத்தான் செய்கிறது. இறங்கிவிடலாம். வண்டியைத் திருப்பி இறங்கினால் பதினாலில் மறுபடி பீப் வரும், புள்ளி அசையும், அவன் மூச்சு விடுவான், சாவி என்னிடமே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பசங்கள் நாலு பேர் வந்து பார்த்துக்கொள்வார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து டெஸ்ட் சிக்னல் கொடுக்கலாம். கடலை மிட்டாய் ஒன்றைக் கடித்தேன். பல்லுக்கு நடுவில் அது உடைந்த சத்தத்தில் ரீங்காரம் கொஞ்சம் பின்னால் போனது. இன்னொன்று கடித்தேன்.

அப்போதுதான் அது தோன்றியது. இத்தனை நாளாக எது என்னை உறுத்திக்கொண்டிருந்தது என்று தேடிக்கொண்டிருந்தேன், வண்டியா, சந்துருவா, ஊஞ்சலா என்று. அது எதுவும் இல்லை. இந்த டப்பா வந்த நாளிலிருந்து அவன் என்னை ‘எங்க இருக்கீங்க’ என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. முன்பெல்லாம் அவன் ஊரிலிருந்து தன் கைரேடியோவில் பேசுவான், அது அவன் வீட்டு கேட்வே வழியாக இணையத்துக்கு ஏறி, கடல் தாண்டி, நம் மலை கேட்வேயில் இறங்கி, என் கார் ஸ்பீக்கரில் வரும். “டேங்கோ ஜூலியட், எங்க இருக்கீங்க?” நான் சொல்வேன். சந்தையில, கத்தரிக்கா வெலை ஏறிப்போச்சு. சேந்தமங்கலம் ரோட்டுல, கல்யாண ஊர்வலம், நகர மாட்டேங்குறாங்க. ஏரிக்கரையில சும்மாதான் நிக்கிறேன், தண்ணி வந்திருக்குது பாக்கலாம்னு. அதைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் பேச்சு ஓடும். இப்போது அவனுக்கு எல்லாம் தெரியும். என் வேகம் தெரியும், திசை தெரியும், உயரம்கூடத் தெரியும். தெரிந்த பிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது? வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டு மாத்திரை போட்டீங்களா என்பான், வைத்துவிடுவான். ஏரியில் தண்ணீர் வந்ததை அந்தப் புள்ளி சொல்லுமா? எனக்குக் கோபம் கோபமாக வந்தது, நல்ல கோபம், உடம்புக்கு இதமாக இருந்தது. அவனைத் தண்டிக்கவா ஏறுகிறேன்? இல்லை. என் கேட்வே செத்துக் கிடக்கிறது, அதை எழுப்ப ஏறுகிறேன். ரேடியேட்டருக்குக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன், எனக்கும் ஊற்றிக்கொண்டேன். ரோட்டில் கோடு ஒன்றைப் பார்த்துக்கொண்டு கால் மாற்றி கால் வைத்து நடந்து பார்த்தேன், டாக்டர் செய்யச் சொன்ன மாதிரி. நேராகத்தான் நடந்தேன். அந்த வழியாக வந்த அன்னாசிப்பழ வேன்காரன் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். சாவியைத் திருப்பினேன்.

மிச்ச வளைவுகளை நான் எண்ணவில்லை. மிளகுக்கொடி ஏறிய மரங்கள், பலாப்பழ வாசனை, காற்றில் குளிர் ஏறுவது, காது ‘டப்’ என்று அடைத்துத் திறப்பது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஹாரன், ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் மைக்கில் என் குறி, என் இடம். கேட்க ஆளில்லாவிட்டால் என்ன, சொல்வது என் வேலை. மேட்டு ரூமுக்குக் கீழே பலாமரத்தடியில் வண்டியை நிறுத்தியபோது வெள்ளச்சி முறத்தோடு வெளியே வந்தாள். ரூமுக்குப் பக்கத்து வீடு அவளுடையது, சாவி அவள் பொறுப்பு, என்னைவிடப் பத்து வயசு சின்னவள், மலைக்காரி, யாருக்கும் ‘ங்க’ போட்டுப் பேசமாட்டாள். “ஏ ரேடியோம்மா, தனியாவா வந்த? மூஞ்சி வெளுத்துக் கெடக்குது, காப்பி வெக்கட்டா?” முதலில் ரூமைத் திற என்றேன். உள்ளே பேட்டரி, ரேடியோ, சின்னக் கம்ப்யூட்டர், எல்லாம் அதனதன் இடத்தில், எதிலும் ஒரு விளக்குகூட எரியவில்லை. கருகல் வாசனை இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்தேன், இல்லை. டூல்ஸ் பெட்டியைத் திறந்து மீட்டரை எடுத்துக்கொண்டு குனிந்தேன். மெயின் பிளக், நல்ல பிள்ளையாக, சுவரைவிட்டுக் கழன்று வயர் சுற்றி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பேட்டரி இருந்த மட்டும் ஓட்டிவிட்டுக் காலியாகியிருக்கிறது. “இதை யாரு புடுங்கினது?” “நாந்தான். இடி இடிச்சா புடுங்கிப்போடுன்னு நீதான போன வருசம் சொன்ன?” “சரி, மறுபடி மாட்டலையா?” “மாட்டச் சொல்லலையே.” அவளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள், அவள் பக்கம் நியாயம் அப்படியே இருந்தது. மின்னலுக்கு எர்த், டிஷ்ஷுக்குக் கவசம், பேட்டரிக்கு ஃபியூஸ் என்று ஒன்று விடாமல் யோசித்தோம், இடி நின்றதும் பிளக்கை மாட்ட வேண்டும் என்று ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. இதற்கா எழுபது வளைவு? இதற்குத்தான். சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தேன், வெள்ளச்சி காப்பி வைக்கப் போய்விட்டாள். பிளக்கை மாட்டினேன்.

ஒரு பச்சை விளக்கு. பிறகு ஒரு மஞ்சள். கம்ப்யூட்டர் மெல்லக் கண் விழித்து, டிஷ்ஷைத் தேடி, நாமக்கல்லைத் தேடி, அதற்கு அப்பால் உலகத்தைத் தேடுகிறது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருக்கிறேன், பிரசவ வார்டு வாசலில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. திறந்த கதவு வழியாகக் காருக்குள்ளிருந்து ஒரு ‘கிர்ர்’. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு, ‘பீப்’. வரைபடத்தில் நான் பதினாலாம் வளைவிலிருந்து ஒரே தாவாகத் தாவி உச்சிக்கு வந்துவிட்டேன். அடுத்த மூச்சில் அலமாரி ரேடியோ துண்டு துண்டாகப் பேச ஆரம்பித்தது, டிஜிட்டல் குரல் உடையும்போது வரும் தகர டப்பாச் சத்தம், “...ம்மா ...ங்மா ...கேக்குதுங்களா, அம்மா, புள்ளி வந்துருச்சு, அம்மா, அம்மா!” கோகுல். எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தானோ, செத்த கேட்வேயைப் பார்த்து, ஆளில்லாத வானத்தைப் பார்த்து. ஊடே மதலைமுத்து: “கோகுல், அக்கா மேலதான் இருக்காங்க, கேட்வேக்கே உயிர் வந்துருச்சு பாருங்க! நான் சந்துருவுக்குச் சொல்லிர்றேன், பாவம், அவரு பதினாலாம் வளைவுல நின்னு கீழ எட்டிப் பாத்துட்டிருக்காரு.” சந்துரு எட்டிப் பார்க்கிற காட்சி ஒரு பக்கம் சிரிப்பாகவும் ஒரு பக்கம் நெஞ்சை அறுப்பதாகவும் இருந்தது. மைக் என் கையில் இருக்கிறது. கட்டைவிரல் பட்டன்மேல் இருக்கிறது. அழுத்தினால் போதும். என் பிள்ளை நடுங்குகிறான், எனக்குத் தெரிகிறது, எடுத்து மடியில் போட்டுக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது. அழுத்தவில்லை.

“அம்மா.” அழுத்தவில்லை. “அம்மா, பேசுங்மா.” பேசமாட்டேன். காற்று பலா இலைகளை அசைக்கிறது, வெள்ளச்சி வீட்டில் சுள்ளி ஒடிக்கிற சத்தம் கேட்கிறது. அவனுக்கு ஞாபகம் வர வேண்டும். வராவிட்டால் நான் இத்தனை தூரம் ஏறி வந்தது வெறும் பிளக் மாட்டத்தான். ஸ்பீக்கரில் அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, மெதுவாக, “டேங்கோ ஜூலியட்.” அழுத்தினேன். “சொல்லு, கேக்குது. டேங்கோ ஜூலியட் நல்லா இருக்கேன். ஓவர்.” அவனுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது, வரட்டும், அவனுக்கும் உரிமை உண்டு. “உசுரே போச்சுங்மா எனக்கு! சொல்லாம கொள்ளாம... நான் என்னன்னு நெனைக்கிறது? பேசினது பேசினதுதான், கீழ வந்து சாவிய சந்துருகிட்டக் குடுத்துருங்க. ஓவர்.” “நீ பயந்திருப்பேன்னு தெரியும் கண்ணு. அடிவாரத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும், அது என் தப்பு. வழியில தலை லேசா கிர்ருன்னுச்சு, நிறுத்தி, சரியானப்புறம்தான் ஏறினேன், அதையும் ஒளிக்கல. ஆனா சாவி தரமாட்டேன். டப்பாவயும் அணைச்சுட்டுத்தான் எறங்குவேன். நான் எங்க இருக்கேன்னு தெரியணும்னா எங்கிட்டக் கேளு. நீ என்னைக் கேட்டே ரெண்டு வருசம் ஆச்சு. ஓவர்.” விட்டேன். சொன்னது அலையில் ஏறி, டிஷ்ஷில் பாய்ந்து, கடலுக்கு அந்தப் பக்கம் போய், ஏதோ ஒரு சமையலறையில் இறங்குகிற நேரம். அதற்கு மேலும் நேரம். சாவியை வாங்கிக்கொள்வான், பிடுங்கிக்கொள்வான், வண்டி என் பேரில்தான் இருக்கிறது, பார்க்கலாம், ஒரு கை பார்த்துவிடலாம் என்று எனக்குள் ஏதேதோ ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளச்சி எவர்சில்வர் டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, “யாரு, மவனா?” என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஸ்பீக்கர் கரகரத்தது. பதினாலு வயசில் பள்ளிக்கூட மைதானத்திலிருந்து பேசியவனின் குரல், தண்ணீர் குடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டு வந்த குரல். “டேங்கோ ஜூலியட், டேங்கோ ஜூலியட். எங்க இருக்கீங்க? ஓவர்.” டம்ளர் சூட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறுகையால் பட்டனை அழுத்தினேன். “மலை உச்சியில, மேட்டு ரூம்ல. வெள்ளச்சி காப்பி குடுத்திருக்கா, கருப்பட்டி தூக்கலா இருக்குது. பலாமரத்துல கைக்கு எட்டற ஒயரத்துல மூணு காய் தொங்குது. சாவி என் இடுப்புல இருக்குது. குடிச்சிட்டு எறங்கறேன், மறுபடி கேளு, சொல்றேன். ஓவர்.”